செருப்புச் சத்தம்

பின்னால் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. அது போதும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வலது செருப்பு பட்டென்று விழுகிறது. இடது செருப்பு சரக்கென்று இழுபட்டு வருகிறது. பட், சரக். பட், சரக். இடது வார் அடிக்கடி கழன்று வருகிறது என்று அடியில் ஊக்கு குத்தி வைத்திருக்கிறாள். புதுசு வாங்கித் தொலை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நடக்கத்தான செருப்பு, நடக்குதுல்லா என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்த ஊக்குச் செருப்போடு ஆற்றங்கரையில் அருவி பார்க்க வருகிறாள். வரட்டும். நான் முன்னால் போகிறேன், அவள் பின்னால் வருகிறாள். கோவிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் அப்பா முன்னால் போனார், அம்மா பின்னால் போனாள், தெருவில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். என் மகன் சங்கரலிங்கம் சென்னையில் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டை அடைத்துப் போகிறான். பின்னால் வருகிறவன் எப்படிப் போவான்? ஹார்ன் அடித்தாலும் விலக மாட்டான். போகட்டும். இது ஒற்றையடிப் பாதை. ஆறு இடது கைப் பக்கம். கார்த்திகை மாசத்துத் தண்ணீர், செம்மண் கரைந்து டீ நிறத்தில் போகிறது. மேலே வானம் அழுக்குத் துணி மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராத மழை. எனக்குப் பிடிக்காத வானம். பெய்தால் பெய், இல்லாவிட்டால் விலகு. அருவிக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன். அவள் அருவி பார்க்க வருகிறாள், நான் சொல்ல வருகிறேன்.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். உனக்கு வயிற்றில் இருப்பது புண் இல்லை. அந்த ஒரு வரியை ஒரு வாரமாக வாயில் வைத்துக்கொண்டு அலைகிறேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் சின்னப் பையன். அம்மா, நீங்க போய் வெயிட் பாத்துட்டு வாங்க என்று அவளை நர்ஸோடு அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டான். நாற்காலி நகர்ந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. கணையத்தில் கட்டி என்றான். நான் ஓட்டின பஸ்ஸில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன், கணையம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றான். செய்யாவிட்டால் என்று கேட்டேன். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துத் திருப்பி வைத்தான். செய்தால் என்று கேட்டேன். அதற்கும் பேனாவைத்தான் திருப்பி வைத்தான். வெளியே வந்தால் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொன்னாரு என்றாள். புண்ணு என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்து விழுந்தது என்று தெரியவில்லை. வயித்துல புண்ணு, காரம் சேக்கக் கூடாதாம். அன்றிலிருந்து மோர், மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால். நானே போய்க் கீரை வாங்கி வருகிறேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிடுகிறாள். காலையில் புறவாசலுக்குப் போனால் வாந்தியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட ஈரம் கிடக்கும். நான் அதைத் தாண்டிப் போவேன். எங்கள் பக்கம் வியாதிக்காரரிடம் வியாதியைச் சொல்கிற வழக்கம் இல்லை. தெருவுக்கே தெரிந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சிரிப்பாள், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. என் அம்மாவை வாயுப்பிடிப்பு என்று சொல்லியே அனுப்பி வைத்தோம். இப்போது அப்படி முடியாதாம். அவளிடமே கேட்பார்களாம், அவள் சரி என்று சொன்னால்தான் கத்தியைத் தொடுவார்களாம். திங்கள்கிழமை ஆபரேஷன். நீங்களே சொல்லிருங்கப்பா என்றான் சங்கரலிங்கம் போனில். நீ சொல்லேன்டா என்றேன். நான் சொன்னா அழுதுருவேன் என்றான். சொல்லும்போதே அழுதான். அழுகிறவனுக்கு அது ஒரு வசதி. வேலை அடுத்தவன் தலையில் போய்விடும்.

அருவி அவள் கேட்டது. அவள் ஒன்றும் கேட்கிறவள் இல்லை. பொங்கலுக்குச் சேலை எடுக்கக் கூப்பிட்டால் நீங்களே பாத்து எடுத்துட்டு வாங்க என்பாள். கொண்டு வந்ததைக் கட்டிக்கொள்வாள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கட்டிய சேலைக்கே தெரியாது. அவள் முந்தாநாள் கீரை ஆய்ந்துகொண்டே, மஞ்சணத்தி அருவியப் பாக்கணும் என்றாள். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். இப்போ என்னத்துக்கு என்றேன். சும்மாதான், கூட்டிட்டுப் போறேன்னு அன்னைக்குச் சொன்னீங்கள்லா என்றாள். என்றைக்கு? கல்யாணமான புதுசில் என் வண்டியிலேயே மறுவீட்டுக்குப் போனோம். நான் ஸ்டியரிங்கில், அவள் முன் சீட்டில் மடியில் பலகாரக் கூடையோடு. மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற மஞ்சணத்தி விலக்கில் வண்டி நின்றபோது, உள்ள போனா அருவி இருக்கு, ஒருநாள் கூட்டிட்டுப் போறேன் என்று சொன்னேனாம். சொல்லியிருப்பேன். புது மாப்பிள்ளை என்னவெல்லாமோ சொல்வான். அதற்கப்புறம் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அந்த விலக்கில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், எடுத்திருக்கிறேன். இறங்கி உள்ளே நடந்ததில்லை. யாருமே அதிகம் நடந்ததில்லை. குற்றாலம் மாதிரி எண்ணெய் தேய்த்துவிட ஆளும் பஜ்ஜிக் கடையும் இங்கே கிடையாது. தேனுக்கும் விறகுக்கும் போகிறவர்கள் போவார்கள், அவ்வளவுதான். இன்று காலையில் அதே விலக்கில் பயணியாக இறங்கினேன். டீக்கடை வெள்ளத்துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிரைவரய்யா, உங்களுக்குக் கால் இருக்கா, இத்தனை வருஷமா இடுப்புக்கு மேலதான பாத்திருக்கேன் என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தண்ணி நல்லா விழுது, ஆள்தான் ஒருத்தரும் கிடையாது, பாறை வழுக்கும், பாத்துப் போங்க என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மதினி என்ன இப்படி மெலிஞ்சிட்டாவ என்றான். இவனுக்கு எதற்கு? வயித்துல புண்ணு என்றேன். பொய்யும் புது வண்டி மாதிரிதான். ஓட்ட ஓட்டக் கைக்குப் பழகிவிடுகிறது.

பட், சரக். வருகிறாள். முன்னைவிட மெதுவாக வருகிற மாதிரி இருக்கிறது. நானும் கொஞ்சம் மெதுவாகப் போகலாம். என்னால் மெதுவாகப் போக முடியாது, கால் கேட்காது. கரையில் மருத மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு நிற்கின்றன. வேரில் பாலிதீன் பைகளும் வாழைச் சருகும் சிக்கிக் கிடக்கின்றன. ஈர மண் வாடை, அதற்குள் ஏதோ செத்த வாடை. நண்டாக இருக்கும். பின்னால் வருகிற சத்தத்தை நம்பியே பிழைத்தவன் நான். பஸ்ஸில் கண்ணாடி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டுச் சந்தை நாளில் கூட்டம் ஏணியில் தொங்கும்போது கண்ணாடியில் என்ன தெரியும்? கண்டக்டர் பேச்சிமுத்துவின் விசில்தான் எனக்குக் கண். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் போ. ஒரு தடவை கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய கூட்டத்தில் எவனோ ஊதல் வாங்கி வைத்திருந்திருக்கிறான். இதே மஞ்சணத்தி விலக்கில் பேச்சிமுத்து ஒதுங்கப் போன நேரத்தில் அவன் ரெண்டு ஊது ஊதினான். நான் எடுத்துவிட்டேன். வண்டியில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தன் சொல்லவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான்கள். அடுத்த ஊரில் இறங்குகிறவன் டிக்கெட் எடுக்கக் கண்டக்டரைத் தேடினபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பேச்சிமுத்து வாழைத்தார் லாரியில் தார்களுக்கு மேலே உட்கார்ந்து வந்து இறங்கினான். வே, ஒரு தடவை திரும்பிப் பாத்தா உம்ம கழுத்து சுளுக்கிக்கிடுமா என்றான். முன்னால பாக்கதுக்குத்தான் எனக்குச் சம்பளம், பின்னால பாக்கதுக்கு உமக்குத்தான வே தாராங்க என்றேன். பஸ்ஸே சிரித்தது. அன்று ராத்திரி இவளிடம் சொன்னேன். இவள் சிரிக்கவில்லை. பாவம், எவ்வளவு தூரம் கத்திக்கிட்டே ஓடி வந்தாரோ என்றாள். அதுதான் அவள்.

இப்படிச் சொல்லலாம். இந்தா, இப்படி உக்காரு, ஒரு விஷயம். இல்லை. ஒரு விஷயம் என்றதும் அவள் முகத்தைப் பார்ப்பாள், பார்த்தால் எனக்கு வராது. இந்தா, திங்கக்கிழமை திருநெல்வேலிக்குப் போறோம். என்னத்துக்கு? ஆபரேஷனுக்கு. புண்ணுக்கா ஆபரேஷன்? அங்கே வந்து வண்டி நின்றுவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து. இந்தா. எல்லாம் இந்தாவில்தான் ஆரம்பிக்கிறது. நான் அவளை இந்தா என்பேன், ரொம்பக் கோபம் வந்தால் ஏளா என்பேன். அவள் என்னை இங்கேருங்க என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது பிள்ளைகளை, கன்றுக்குட்டியை. பெண்டாட்டியை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? இப்போது கூப்பிடுகிறார்கள். சங்கரலிங்கம் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான், மருமகளும் அவனைக் கூப்பிடுகிறாள், எனக்குக் கூசுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாசலில் வந்து நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இவள் எழுந்தபோதுதான் அட, இவள் பெயரல்லவா என்று பட்டது. மணல் மேட்டில் மண்கலயத்தின் கழுத்து ஒன்று கிடக்கிறது. கருகின திரி, எள்ளு, வாழை இலைத் துண்டு. யாரோ சாம்பல் கரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் கண்ணில் பட வேண்டாம். காலால் மணலைத் தள்ளி மூடினேன், இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நான்தான் முதலில் போவேன் என்று எப்போதும் என் நினைப்பு. நான் மூத்தவன். சர்க்கரை எனக்கு, பிரஷர் எனக்கு, பீடி குடித்த நெஞ்சு எனக்கு. நான் போனப்புறம் இவள் திண்டாடக் கூடாது என்று சிலிண்டருக்குப் போன் பண்ணக் கற்றுக்கொடுத்தேன். மோட்டார் ஓடாவிட்டால் எந்த வயரைத் தட்ட வேண்டும் என்று காட்டினேன். எல்லாம் கற்றுக்கொண்டாள். என் துணிகள் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று எனக்கு யாரும் காட்டவில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யார் நினைத்தது? இந்தா, அது புண்ணு இல்ல. அவ்வளவுதான். அருவிச் சத்தத்தில் சொல்லிவிட வேண்டும். பாதி அவள் காதில் விழும், மீதியைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகட்டும்.

தண்ணீர்ச் சத்தம் கூடிவிட்டது. ஆறு இங்கே குறுகிப் பாறைகளுக்கு இடையில் விழுந்து அடித்துக்கொண்டு ஓடுகிறது. அருவி இன்னும் கண்ணில் படவில்லை, அதன் இரைச்சல் மட்டும் மரத்துக்குப் பின்னால் லாரி வரிசை நிற்கிற மாதிரி ஓயாமல் வருகிறது. காது நிறைந்துவிட்டது. நிறைந்த பிறகுதான் தெரிகிறது, அதற்குள் பட் சரக் இல்லை. எப்போது நின்றது? மணல் மேட்டில் இருந்ததா? இருந்தது. இல்லை, மணலில் செருப்புக்குச் சத்தம் வராது. அதற்கு முன்னால்? கலயத்தை மூடினபோது சத்தம் கேட்டதா? கேட்டது மாதிரி இருக்கிறது. கேட்டது என்று நான் நினைத்துக்கொண்டேனா? வருவாள். மணலுக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருப்பாள். அல்லது ஏதாவது இலையைக் கிள்ளி மோந்து பார்த்துக்கொண்டு நிற்பாள், அது அவள் பழக்கம். நான் நடக்கிறேன். திரும்பிப் பார்த்தால் என்ன? ஒன்றும் இல்லை. கழுத்து சுளுக்கிக்கொள்ளாது. ஆனால் திரும்பிப் பார்த்தால் அவள் அங்கே சும்மா வந்துகொண்டிருப்பாள், என்ன என்பாள், நான் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவன் இன்றைக்குப் பார்த்தால்? வேண்டாம். இருமிப் பார்க்கிறேன். நான் இருமினால் அவள் தொண்டையைச் செருமுவாள், அது வீட்டில் நடப்பது. என் இருமல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நடக்கிறேன். பாறை ஈரம், பாசி பிடித்துக் கறுப்பாக மினுங்குகிறது. நான் காலைப் பதித்துப் பதித்துத் தாண்டினேன். இதை அவள் எப்படித் தாண்டுவாள், ஊக்குச் செருப்போடு? பக்கத்திலேயே ஆறு. காலையிலிருந்து அரை டம்ளர் மோர் குடித்த வயிறு. தலை சுற்றும் என்று டாக்டர் சொன்னான். சொன்னானா? சொன்னான். இடது கைப் பக்கம் டீ நிறத் தண்ணீர் சுழன்று போகிறது. அதில் ஏதோ பச்சையாக ஒன்று மிதந்து போகிறது. இலையா, சேலையா? இன்று என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறாள்? எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து கூடவே வருகிறவள் என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பினேன்.

ஒருவருமில்லை. பாதை இருக்கிறது, பாறை இருக்கிறது, மரம் இருக்கிறது. வந்த வழியே போகிறேன். இறங்கும்போது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. பாசிப் பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன், வேட்டியெல்லாம் பாசி. இந்தா என்று கூப்பிட்டேன். தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போயிற்று. ஏளா என்றேன். இந்த இரைச்சலில் ஏளா என்பது ஒரு குருவிச் சத்தம். இந்தா என்பது அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போகிற சத்தம், அதற்கு மேல் அதற்குத் தெம்பு கிடையாது. ஹார்ன் இருந்தால் அடிப்பேன், அமுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பேன். ஆற்றின் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். சுழலில் ஒரு செருப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. நீலக் கலர் வார், அடியில் ஊக்கு. இடது செருப்பு. அது சுற்றி வந்து, பாறையில் முட்டி, திரும்பவும் சுற்றுகிறது. பிரேக்கை மிதிக்கிறோம், அது தரையோடு போய்விடுகிறது, மலைச் சரிவில் வண்டி, அந்த மாதிரி இருக்கிறது. அப்படி எனக்கு ஒருநாளும் ஆனதில்லை. கனவில் ஆகியிருக்கிறது. சொல்லவில்லையே. நான் இன்னும் சொல்லவில்லையே. திங்கள்கிழமை வரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. வாயைத் திறந்தேன். இந்தா வரவில்லை, ஏளா வரவில்லை. உலகம்மா என்று வந்தது. யாருடைய குரலோ மாதிரி வந்தது. உலகம்மா. திரும்பவும் கூப்பிட்டேன். உலகம்மா. அவள் அப்பா கூப்பிட்ட பெயர், கல்யாணப் பத்திரிகையில் அடித்திருந்த பெயர். ஒரு காக்கை மரத்திலிருந்து எழும்பிப் போயிற்று. நான் ஆற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டே மணல் மேட்டைத் தாண்டினேன். உலகம்மா, உலகம்மா என்று சொல்லிக்கொண்டே போனால்தான் கால் எடுத்து வைக்க வருகிறது.

மருத மர வேரில் உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் சேலை, கறுப்புக் கரை. ஒரு காலில் செருப்பு இருக்கிறது, ஒரு கால் வெறுங்கால். முகம் மெழுகு மாதிரி. பக்கத்து மணலில் கொஞ்சம் ஈரம், அதன்மேல் இலையைப் பறித்துப் போட்டு மூடியிருக்கிறாள். என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறது. கத்த வேண்டும் போல வருகிறது, என்னத்துக்கு இங்க உக்காந்திருக்க, ஒரு சத்தம் கொடுத்தா என்ன என்று. அவளே சொன்னாள், மணல் மேட்டைத் தாண்டினதும் வார் அத்து ஆத்தோட போயிட்டு, கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல, கல்லை எடுத்துக்கூட எறிஞ்சேன், அதுவும் ஆத்துக்குள்ளதான் விழுந்தது, பொறவு உக்கார வேர் இருக்கேன்னு இங்க திரும்பி வந்துட்டேன். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என் வேட்டிப் பாசியைப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

“பேரு சொல்லிக் கூப்பிடுத அளவுக்கு ஆயிப்போச்சா?”

நான் அவள் காலில் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் மென்ற வரி. இப்போது அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கீரை வாங்கினது, தேங்காய்ப்பால் எடுத்தது, வெள்ளத்துரையிடம் சொன்னது, எல்லாம் இந்த ஒரு கூப்பிடலில் தண்ணீரோடு போய்விட்டது. இத்தனை வருஷம் இந்தா என்றவன் பெயர் சொன்னால் அவளுக்குத் தெரியாதா?

“புண்ணு இல்லையா?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

அவள் ஆற்றைப் பார்த்தாள். ஒரு மருத இலை சுற்றிக்கொண்டே இறங்கி அவள் மடியில் விழுந்தது, அதை எடுத்து வழக்கம்போல மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். லிங்கத்துக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அழுதானா என்றாள். அழுதான். நீங்க அழுதீங்களா என்று கேட்கவில்லை. திங்கள்கிழமை ஆபரேஷன் என்று நானே சொன்னேன். நீ சரின்னு சொன்னாத்தான் செய்வாங்களாம். அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டலா என்று எனக்குப் புரியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தும் அந்தத் தலையாட்டல் எனக்குப் புரியவில்லை. திரும்பிப் போவோமா என்றேன். வெள்ளத்துரை கடைவரை கைத்தாங்கலாகக் கொண்டுபோய்விடலாம், அடுத்த பஸ் வந்துவிடும். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கை கொடுக்கப் போனேன். அதற்குள் நின்றுவிட்டாள்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. அருவியப் பாக்காமப் போறதா?”

மிச்சமிருந்த செருப்பைக் கழற்றி வேருக்கடியில் வைத்தாள். ஒத்தைச் செருப்ப வச்சிக்கிட்டு என்ன செய்ய என்றாள். நான் வழக்கம்போல முன்னால் போகக் காலை எடுத்து வைத்தேன். வைத்த கால் நின்றுவிட்டது. வெறுங்காலுக்குச் சத்தம் கிடையாது. பின்னால் வந்தால் வருகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ முன்னால போ என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். போ என்றேன் இன்னொரு தடவை, கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. சரி என்று முன்னால் போனாள். இவள் முன்னால் நடந்து நான் பார்த்ததே இல்லை. ஜாக்கெட் தோளிலிருந்து நழுவி நழுவி இறங்குகிறது, உள்ளே ஆள் பாதிதான் இருக்கிறாள். கொண்டை சின்னதாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம், அது எப்போதிலிருந்து இருக்கிறது? நடக்கும்போது வலது பக்கம் ஒருச்சாய்ந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கினபடி நடக்கிறாள். இப்படித்தான் இவ்வளவு நாளும் பின்னால் வந்துகொண்டிருந்தாளா? எனக்குக் கேட்டது பட், சரக் மட்டும்தான். மணல் மேட்டில் நான் மூடின இடத்தை அவள் சுற்றிக்கொண்டு போனாள். முதல் தடவை தாண்டினபோதே பார்த்திருக்கிறாள். பாசிப் பாறையில் நான் கையை நீட்டினேன், பிடிக்கவில்லை, வேரைப் பிடித்து ஏறினாள். காற்றில் ஈரம் வருகிறது, முகத்தில் பொடிப் பொடியாகத் தண்ணீர். அருவி பக்கத்தில்தான். அவள் நடையை மெதுவாக்கவில்லை. அவசரப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன், இரைச்சலில் கேட்காது என்று விட்டுவிட்டேன். பெரிய பாறை ஒன்று பாதையை மறித்து நிற்கிறது, அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் அவள் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு,

“வாறீங்களா?” என்றாள்.

“வாறேன்” என்றேன்.

தண்ணீரைவிடச் சத்தமாகச் சொன்னேன். அவள் பாறையைச் சுற்றித் திரும்பினாள். முதலில் கை போயிற்று, பிறகு தோள், பிறகு மஞ்சள் சேலையின் கறுப்புக் கரை. இப்போது பாறைதான் தெரிகிறது. நான் செருப்பை ஓங்கி ஓங்கித் தரையில் மிதித்துச் சத்தம் உண்டாக்கிக்கொண்டே பின்னால் போகிறேன்.